பசும்புல்லும் பச்சிளங்குழவியும்

ஈகை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. வாயிலில் வந்து நிற்பவன் ஒருவன். அவன் ஏந்திய கையில் இடுபவன் ஒருவன். இடுபவன் முகத்தில் அடக்கமும் ஏற்பவன் முகத்தில் நன்றியும் விளங்க வேண்டும் என்பது நாம் வகுத்துக்கொண்ட இலக்கணம். அவ்விடத்தில் ஆட்டத்திற்கும் ஆரவாரத்திற்கும் இடமில்லை என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்று வலியுறுத்தியவர் யாம். அவ்விலக்கணத்திற்குப் புறனடை ஒன்று உண்டென்பதைப் பணி ஓய்வுக்குப் பின்னர், கடல் கடந்த நாட்டில், பேரக்குழந்தை ஒன்றின் வாயிலாகக் கற்றுக்கொண்டோம். அதனை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இக்கல்லூரியின் பழைய மாணவர் சிலர்க்கு யாம் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று நெடுநாளாக நிலுவையில் நிற்கிறது.

கண்ணாடிப் பெட்டி

எம் மகள் அமெரிக்க நாட்டின் ஓஹியோ மாநிலத்து நகரொன்றில் கணவருடன் வாழ்கிறாள். 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவளுக்கு மகப்பேறு நிகழும் என்று மருத்துவர் நாள் குறித்திருந்தனர். சனவரியில் புறப்படுவதாகப் பயணச்சீட்டு வாங்கியாயிற்று. பிள்ளை பெற்றவளுக்கு உரிய மருந்துப் பொடிகளை இடித்துச் சலித்துப் புட்டிகளில் அடைக்கத் தொடங்கியிருந்தார் எம் துணைவியார். 2017 நவம்பர்த் திங்களின் ஓரிரவில் மருமகனின் தொலைபேசி அழைப்பு வந்தது.

“மாமா, பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருபத்தொன்பது வாரந்தான். ஆயிரத்து ஐம்பது கிராம்.”

அவர் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, அழுகையும் இல்லை. கணக்கு ஒப்பிப்பவர்போல் எண்களை மட்டும் சொன்னார். செய்தி கேட்ட துணைவியார் சமையலறைக்குள் சென்றார். பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை இரு கைகளிலும் ஏந்தி நின்றுகொண்டிருந்தார். யாமும் அதனை வாங்கிக் கையில் தாங்கிப் பார்த்தோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் அந்நகரை அடைந்தோம். மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நுழையுமுன் முழங்கைவரை கை கழுவ வேண்டும். ஒரு நேரத்தில் இருவர்க்கே அனுமதி. உள்ளே மங்கிய ஒளி. பெட்டிகளின் மேல் துணிப் போர்வை. தாயின் கருவறை இருட்டை இயன்ற அளவு திரும்பத் தருவதற்காக அவ்வாறு மூடுகிறார்கள் என்று செவிலி விளக்கினார். போர்வையை விலக்கிக் காட்டியபோது யாம் கண்டது குழந்தையை அன்று, குழந்தையின் வரைபடத்தை. விரல்கள் தீக்குச்சியினும் மெலிந்தவை. தோலின் ஊடே நரம்பு தெரிந்தது. மூக்கின் வழியே இடையறாது காற்றழுத்தம் செலுத்தும் குழாய், உண்பதற்கு ஒரு குழாய், காலில் குருதியின் உயிர்வளி அளவைக் காட்டும் சிவந்த விளக்கு. ஒவ்வொரு மூச்சும் ஓர் உழைப்பாக இருந்தது.

நாம் வகுப்பறையில் பயிலும் பிள்ளைத்தமிழ், காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவங்களைப் பாடும். பிறத்தற்குரிய நாளுக்கு எழுபத்தேழு நாள் முன்னரே பிறந்துவிட்ட குழவிக்கு எப்பருவம்? காப்புக்கும் முந்திய காப்பு ஒன்று வேண்டும் போலும் என்று எண்ணிக்கொண்டு நின்றோம். தமிழாசிரியனுக்கு அழத் தெரியாதபோது இத்தகைய எண்ணங்களே துணை.

“அத்தா, அவளை எடுத்து என் நெஞ்சில் வைக்கப் போகிறார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்” என்றாள் மகள். செவிலியர் இருவர், ஒருவர் குழந்தையையும் மற்றவர் குழாய்களையும் தாங்கி, சாய்வு நாற்காலியில் கிடந்த அவள் மார்பின்மீது தோலோடு தோல் படியுமாறு குழந்தையை வைத்துப் போர்த்தினர். பெட்டியின் மேலிருந்த திரையில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த எண்கள் சிறிது நேரத்தில் ஒரு நிலைக்கு வந்து நின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவ்வாறே கழிந்தது.

அந்நாற்காலியின் கைப்பிடியில் விரல் அகலமுள்ள பித்தளைத் தகடு ஒன்று பதித்திருந்தது. அதில் ஆங்கிலத்தில், ‘கோல்ஃப் நாளின் கொடை’ என்னும் பொருள்படச் சில சொற்களும் ஓர் ஆண்டும் பொறித்திருந்தன. செல்வர் புல்வெளியில் ஆடும் குழிப்பந்தாட்டத்திற்கும் இந்த நாற்காலிக்கும் என்ன தொடர்பு? அன்று எமக்கு விளங்கவில்லை. பேத்தி ஐம்பத்தெட்டு நாட்கள் அப்பிரிவில் இருந்தாள். அத்தனை நாளும் அத்தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டாம் மாதப் பிள்ளை

அங்கு அமர்ந்திருந்த நாட்களில் எம் நினைவு அடிக்கடி 1961ஆம் ஆண்டிற்குச் சென்றது. எமக்கு அப்போது வயது ஏழு. எம் மூத்த தமக்கையார் தலைப்பிள்ளையை எட்டாம் மாதத்தில் பெற்றார். காவிரிக் கரையோரச் சிற்றூர். மருத்துவச்சி கைபார்த்த பேறு. குழந்தையை எண்ணெய் தடவிப் பஞ்சில் பொதிந்து, பக்கத்தில் கரிச்சட்டியில் கனல் வைத்துக் காத்தனர். “ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது” என்று வந்தவரெல்லாம் சொல்லிச் சென்றனர். மூச்சுவிடும்போது அக்குழந்தையின் விலா உட்குழிந்து எழுந்ததை எட்டிப் பார்த்தது எமக்கு நினைவிருக்கிறது. இரண்டாம் நாள் விடியலில் அது அடங்கிற்று.

அப்பழமொழி பொய் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. கருவில் ஒவ்வொரு வாரம் கூடுதலாகத் தங்குவதும் குழந்தைக்கு நன்மையே. ஆயின் பெயரிடப்படாத அக்குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்பதை அறுபதை நெருங்கும் ஆண்டுகள் கழித்து, ஓஹியோ நகரத்துப் பொது நூலகத்தில் அமர்ந்துதான் கற்றோம்.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவர் ஈரமானது. ஈரமான இரு பரப்புகள் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையன. மூச்சு வெளியேறும்போது அவை ஒட்டிப்போகாதபடி காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் வழவழப்பான பொருள். கருவின் கடைசி வாரங்களிலேயே அது போதிய அளவு சுரக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது இல்லாமையால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிய பையைப் புதிதாக ஊதித் திறக்க வேண்டியதாகிறது. அவ்வுழைப்பில் களைத்து உயிர் அடங்குகிறது. இதனை 1959இல் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவர், ஜியர் மீட் என்பாருடன் இணைந்து வெளிப்படுத்தினார்.

காரணம் தெரிந்தும் மருந்து உடனே கிடைத்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள் நிறையுமுன் இறந்தான். உலகின் ஆற்றல் மிக்க நாட்டின் தலைவரும் எம் தமக்கையாரும் அவ்வகையில் ஒரு நிறை. 1972இல் நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ், ஹோவி இருவரும் தாய்க்கு முன்கூட்டியே இடும் ஊசியால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதைக் காட்டினர். 1980இல் சப்பானிய மருத்துவர் புஜிவாரா சர்ஃபாக்டன்ட் மருந்தைக் குழந்தைகளுக்கு நேரே நுரையீரலில் செலுத்தி வெற்றி கண்டார். 1990இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு இசைவளித்தது. எம் பேத்தி பிறந்த அன்றே அதனைப் பெற்றாள்.

வேடிக்கை பார்த்தவர் தந்த காசு

அந்நூலகத்திலேயே மற்றொரு வரலாற்றையும் கண்டோம். ஏறத்தாழ 1880இல் பாரிசு நகர மகப்பேற்று மருத்துவர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதுபோன்ற ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்வித்தார். பெட்டி வந்துவிட்டது, ஆயின் அதனை வாங்கவும் ஓயாது காக்கும் செவிலியர்க்கு ஊதியம் தரவும் பல மருத்துவமனைகள் முன்வரவில்லை. இத்தகைய குழந்தைகள் வாழப் பிறந்தவையல்ல என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது.

அந்நிலையில் மார்ட்டின் கூனி என்பவர் நியூயார்க்கின் கோனித் தீவுக் கேளிக்கைப் பூங்காவில், இராட்டினங்களுக்கும் வேடிக்கைக் கூடங்களுக்கும் நடுவே, கண்ணாடிப் பெட்டிகளில் குறைமாதக் குழந்தைகளை வைத்து வளர்த்தார். பார்க்க வருவோர் 25 சென்ட் நுழைவுக் கட்டணம் தந்தனர். பெற்றோரிடம் அவர் ஒரு காசும் வாங்கவில்லை. 1903 முதல் 1943 வரை இது நடைபெற்றது. அவர் முறையாக மருத்துவப் பட்டம் பெற்றவரா என்பதே ஐயத்திற்குரியது. குழந்தைகளைக் காட்சிப்பொருளாக்கினார் என்று அவரைப் பழித்தோரும் உளர். எனினும் அவர் கைக்கு வந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 6,500 பேர் பிழைத்தனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவருடைய சொந்த மகளே குறைமாதத்தில் பிறந்து, வளர்ந்து, செவிலியாகி அவருக்குத் துணைநின்றவர்.

இதைப் படித்தபோது எம் மனம் ஒருங்கே கசந்தது, கனிந்தது. மருத்துவமனைகள் கைவிட்ட உயிர்களை வேடிக்கை பார்க்க வந்தவனின் காசு காத்திருக்கிறது. அவன் ஈகை செய்ய வந்தவன் அல்லன், பொழுதுபோக்க வந்தவன். அவன் காசு அதனால் தாழ்ந்ததா? விடை தெரியாமலே 2018 ஏப்ரலில் தாயகம் திரும்பினோம்.

புல்வெளியில் ஒரு நாள்

2019ஆம் ஆண்டு மீண்டும் மகள் வீடு சென்றிருந்தோம். பேத்திக்கு இருபத்திரண்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் மருமகன், “மாமா, திங்கட்கிழமை அந்த மருத்துவமனைக்காகக் கோல்ஃப் ஆட்டம் நடக்கிறது. நானும் ஆடுகிறேன். நீங்களும் மாமியும் சாட்சியாக உட்கார வேண்டும்” என்றார். ஆட்டத்திற்குச் சாட்சியா என்று வியந்தோம். அவர் விளக்கினார். குறிப்பிட்ட ஒரு குழியில், ஒரே அடியில் பந்தை வீழ்த்துபவர்க்குப் புதிய மகிழுந்து பரிசு. அப்படி யாரேனும் வென்றால் மகிழுந்தின் விலையைத் தருவதற்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் சிறு தொகை கட்டியிருக்கிறார்கள். ஆட்டத்தில் கலவாத பெரியவர் இருவர் அக்குழியருகே இருந்து கண்ணால் கண்டு கையொப்பமிட வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி.

வர இயலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தோம். பிஞ்சு உயிர்களின் பெயரால் செல்வர் பந்தடிப்பதா என்னும் பழைய எண்ணம் எழுந்தது. ஆனால் அந்தப் பித்தளைத் தகடும் நினைவுக்கு வந்தது. “வருகிறோம்” என்றார் துணைவியார், எமக்கும் சேர்த்து.

குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்தில் வளர்ந்தது. அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் களத்தில் 1764இல் அமைந்த பதினெட்டுக் குழி முறையே பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் கல்கத்தாவில் 1829இலேயே இதற்கெனச் சங்கம் தோன்றியது. உதகையிலும் களம் உண்டு. நாலேகால் அங்குல அகலக் குழியில் சிறு பந்தை இயன்ற அளவு குறைந்த அடிகளில் சேர்ப்பதே ஆட்டம்.

அன்று வந்திருந்தோர் 144 பேர். நால்வர்க்கு ஓர் அணியாக 36 அணிகள். ஒரு குழிக்கு இரண்டு அணிகள் எனப் பிரிந்து நின்று, ஒலி எழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கினர். ஆடும் முறை எம்மைக் கவர்ந்தது. நால்வரும் அடிப்பர், எவருடைய பந்து நல்ல இடத்தில் வீழ்ந்ததோ, அவ்விடத்திலிருந்து மறுபடி நால்வரும் அடிப்பர். வல்லவன் அடித்த அடி மாட்டாதவனையும் முன்னே கொண்டு செல்கிறது. மாட்டாதவன் ஒருமுறை தற்செயலாக நன்கு அடித்துவிட்டால் வல்லவனும் அங்கு வந்து நிற்கிறான். பிழையாக அடித்தவர் முன்கூட்டியே பணம் கட்டிச் சீட்டு வாங்கியிருந்தால் ஒருமுறை திருப்பி அடிக்கலாம். அதற்கு முல்லிகன் என்று பெயர். அப்பணமும் மருத்துவமனைக்கே.

ஏழாம் குழியருகே குடையின்கீழ் அமர்ந்தோம். ஒவ்வொரு குழியின் தொடக்கத்திலும் பொருள் உதவிய கடைகளின் பெயர்ப் பலகை; அதனருகே அப்பிரிவில் வளர்ந்த குழந்தை ஒன்றின் பெயரும் பிறந்த எடையும் எழுதிய பலகை. பெற்றோர் இசைவுடன் வைத்தவை. எங்கள் குழியில் இருந்தது எம் பேத்தியின் பலகை. ‘2 பவுண்டு 5 அவுன்சு’ என்று எழுதியிருந்தது.

ஆட்டக்காரர் ஒருவர் காணாது விட்ட பந்தொன்று எம் காலடியில் கிடந்தது. எடுத்துக் கையில் உருட்டினோம். இப்பந்து 46 கிராமுக்குச் சற்றே குறைந்த எடைக்கு மிகலாகாது என்பது விதி என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தார். மனக்கணக்காக வகுத்துப் பார்த்தோம். இருபத்து மூன்று பந்துகளைச் சேர்த்தால் எம் பேத்தி பிறந்த எடை. இருபத்து மூன்று பந்துகளை ஒரு பையிலிட்டுத் தோளில் மாட்டினால் சிறுவனும் சுமை என்று சொல்லமாட்டான்.

நண்பகலை ஒட்டி வந்த அணியில் முதியவர் ஒருவர் இருந்தார். எம் வயதினும் மூத்தவர். அவர் அடித்த பந்து பத்தடி உருண்டு நின்றது. உடன் வந்தோர் சிரித்தனர், அவரும் சிரித்தார். பின்பு பேத்தியின் பலகை முன் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தார். “இக்குழந்தை பிழைத்ததா?” என்று எம்மிடம் கேட்டார். புல்லில் விழுந்தெழுந்து ஓடிக்கொண்டிருந்த பேத்தியைச் சுட்டிக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார்.

“என் மகன் 1979இல் பிறந்தான். மூன்று நாள் இருந்தான். இதைவிடக் கனமாகவே இருந்தான், ஆனால் அப்போது மருந்து இல்லை” என்றார். “எனக்கு இந்த ஆட்டம் வராது. ஆண்டுக்கு ஒருநாள் இதற்காக மட்டுமே மட்டையைத் தொடுகிறேன்.”

எம் தமக்கையார் கதையை எமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னோம். ஆண்டு எது என்று மட்டும் கேட்டார். சொன்னோம். தலையசைத்தார். அணியினர் அழைக்கவே மின்வண்டியில் ஏறிச் சென்றார். தமக்கையாரின் குழந்தையைப் பற்றி எம் துணைவியாரிடமன்றி வேறெவரிடமும் அதுவரை பேசியதில்லை. அயல்நாட்டுப் புல்வெளியில், பெயர் தெரியாத ஒருவரிடம், அன்று பேசினோம். அவர் ஆடுவது விளையாட்டு என்று எவரேனும் சொன்னால் யாம் ஒப்பமாட்டோம்.

அன்று ஏழாம் குழியை நோக்கி நூற்று நாற்பத்து நான்கு பேர் அடித்தனர். ஒரு பந்தும் நேரே வீழவில்லை. மகிழுந்து வந்தவாறே திரும்பிச் சென்றது. எம் சாட்சித் தாள் வெறுந்தாளாகவே நின்றது.

கணக்கும் கடமையும்

உணர்ச்சி மிகுதியால் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. எனவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

மருமகன் கட்டிய தொகை 150 டாலர். பின்னர் வந்த பற்றுச்சீட்டில், களக் கட்டணம், உணவு முதலியவாக அவர் திரும்பப் பெற்றதன் மதிப்பு 90 டாலர் என்றும், எஞ்சிய 60 டாலரே கொடையாகக் கொள்ளத்தக்கது என்றும் எழுதியிருந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளில் 75 டாலருக்கு மேல் பெற்றால் இவ்வாறு பிரித்து எழுத்தில் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆக, திரண்ட தொகை வேறு. சேர்ந்த தொகை வேறு. களத்திற்கும் விருந்துக்கும் சென்றது போக மிஞ்சியதே குழந்தைக்கு. ஆடாமலே 150 டாலரையும் கொடுத்திருந்தால் முழுதும் சேர்ந்திருக்குமே என்று கேட்டோம். “உண்மைதான் மாமா. ஆனால் ஆட்டம் இல்லாமலிருந்தால் அந்த 144 பேரில் எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள்?” என்றார் மருமகன். கடைக்காரர் தந்த பலகைக் கட்டணமும் முல்லிகன் பணமும் ஏறத்தாழ முழுமையாகவே கொடையில் சேர்வன என்றும் சொன்னார்.

மற்றொன்று இதனினும் பெரிது. பிறந்த குழந்தையின் மூச்சு, ஆட்டக்காரர் வருகையை நம்பி இருத்தல் தகாது. அப்பிரிவின் மருந்தும் கருவியும் மருத்துவர் ஊதியமும் காப்பீட்டாலும் அரசின் பொருளாலும் நடப்பவை. அந்நாட்டில் நிகழும் பிறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டுக்கு மெடிக்கெய்ட் என்னும் அரசுத் திட்டமே பொருள் தருகிறது. அதுவே முறை. எந்தக் கணக்கிலும் எழுதப்படாதவற்றுக்கே ஆட்டப் பணம் செல்கிறது. தொலைவிலிருந்து வரும் ஏழைத் தாய்க்கு வழிச்செலவும், இரவில் தந்தை சாய்ந்து கிடக்கக் கட்டிலும், குழந்தையை மார்பில் ஏந்தி அமரச் சாய்வு நாற்காலியும் அவ்வாறு வந்தவை.

நாற்காலிதானே என்று எண்ணலாகாது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் திகைத்த மருத்துவர் எட்கர் ரே, குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர் பெற்ற அது வறுமையில் பிறந்தது; வளமையும் அதனை ஏற்றுக்கொண்டது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த சிறிது நேரத்திலேயே தாயின் மார்பில் சேர்த்தால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதைக் காட்டிற்று. 2022இல் உலகச் சுகாதார நிறுவனமும் அதனையே பரிந்துரைத்தது. விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவே தாயின் நெஞ்சும் ஒரு கருவி. அது இயங்க ஒரு நாற்காலி வேண்டும்.

நம் தமிழகம் இதில் பின்தங்கியதன்று. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 28 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர், தமிழகத்தில் 13. அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்கென அமைந்த பிரிவுகளும், அங்குப் பணிபுரியும் செவிலியரும் மருத்துவருமே இதற்குப் பெருங்காரணம். எனினும் உலகில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு குழந்தை குறைமாதத்திலேயே பிறக்கிறது; 2020இல் மட்டும் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள். அவற்றுள் மிகுதியானவை பிறப்பது நம் இந்தியாவில்.

நிலுவைக் கடன்

இனி, யாம் முதலில் குறிப்பிட்ட கடனுக்கு வருவோம்.

1994ஆம் ஆண்டு. இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் சிலர் எம் அறைக்கு வந்தனர். அவருள் ஒருவனுடைய தமக்கைக்கு மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தை பிறந்திருந்தது. அங்கு வெப்பமூட்டும் கட்டில் ஒன்றே இருந்ததாம். அதில் இரண்டு குழந்தைகளைக் கிடத்தியிருந்தனராம். கால்பந்துப் போட்டி ஒன்று நடத்தி, இரண்டு ரூபாய் நுழைவுச்சீட்டு வைத்து, திரளும் பணத்தில் மற்றொரு கட்டில் வாங்கித்தர விரும்பினர். துறையின் இசைவு வேண்டும் என்றனர்.

யாம் மறுத்தோம். “குழந்தை உயிருக்குப் போராடும்போது பந்து உதைப்பதா? அறம் செய்ய விரும்பினால் உண்டியல் ஏந்துங்கள்” என்றோம். முன்னே நின்ற மாணவன், “கொடுப்பவர் மகிழ்ந்து கொடுத்தால் பிழையா, ஐயா?” என்று கேட்டான். அதனைத் துடுக்கு என்று எண்ணி வெளியே அனுப்பினோம். அவர்கள் சொல் தட்டாமல் உண்டியல் ஏந்தினர். ஒரு வாரத்தில் 312 ரூபாய் சேர்ந்தது. அதில் கட்டில் வாங்க இயலாது. துணி விரிப்புகள் வாங்கிக் கொடுத்து வந்தனர். அம்மாணவனின் தமக்கை குழந்தை என்னவாயிற்று என்று யாம் கேட்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கேட்கவில்லை.

ஏழாம் குழியருகே அமர்ந்திருந்தபோது அக்கேள்வி வந்தது, இரவெல்லாம் உறங்கவிடவில்லை. வள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என இரண்டையும் தனித்தனி அதிகாரங்களாக அடுத்தடுத்து அமைத்தார். ஈகை வறியவர்க்கு இடுவது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்தல். பலரும் பலவகையால் கூடி, உள்ளதைப் பகிர்ந்து, எவரும் கீழ்ப்படாமல் வாழும் வழி. அம்மாணவர் கேட்டது ஒப்புரவு. யாம் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ஈகையின் பெயரால் அதனைத் தடுத்துவிட்டோம். இரண்டு அதிகாரங்களையும் ஆண்டுதோறும் நடத்தியவர் யாமே என்பதுதான் இதில் நாணத்தக்கது.

தாயகம் திரும்பியதும் அம்மாணவன் இருக்குமிடம் விசாரித்தோம். அவர் இன்று ஓர் ஊரில் மளிகைக் கடை நடத்துகிறார். தொலைபேசியில் அழைத்து, பெயர் சொல்லி, நடந்ததை நினைவூட்டி, “பிழை எம்முடையது தம்பி” என்றோம். சிறிது நேரம் ஓசையில்லை.

“அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டது ஐயா. இப்போது அவனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது” என்றார்.

பிழைத்த செய்தி எம் நெஞ்சைக் குளிர்வித்தது. ஆயின் அதே கட்டிலில் பக்கத்தில் கிடந்த மற்றொரு குழந்தை? அதைக் கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. யாமும் மறுமுறை கேட்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நுங்கள் ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு. அதில் பச்சிளங்குழந்தைப் பிரிவும் இருக்கக்கூடும். அங்குச் சென்று, தலைமைச் செவிலியரிடம், எது குறை என்று பணிந்து கேளுங்கள். பெருங்கருவியை அவர் கேட்கமாட்டார். நாற்காலியோ போர்வையோ கேட்பார். பின்பு பந்தாடுங்கள், பாடுங்கள், நாடகம் நடத்துங்கள், பட்டிமன்றம் வையுங்கள். ஊரைச் சிரிக்க வைத்துப் பணம் திரட்டுங்கள். ஆனால் வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கில்லாத கொடையில் ஐயம் நுழையும். இசைவு தர ஆசிரியர் தயங்கினால் இம்மலரின் இப்பக்கத்தைக் காட்டுங்கள்.

எம் பேத்தி இன்று பள்ளிக்குச் செல்கிறாள். விடுமுறையில் வரும்போது, அன்று ஏழாம் குழியருகே கிடைத்த அந்த வெள்ளைப் பந்தை எம் மேசையிலிருந்து எடுத்து முற்றத்தில் உருட்டி விளையாடுவாள். அது யாருடைய பந்து என்று ஒருமுறை கேட்டாள். “நீ பிறந்தபோது உனக்காக ஆடிய ஒருவருடையது” என்றோம். அவர் யார் என்பது எமக்கும் தெரியாது. அன்று எழுத இயலாது போன சாட்சித் தாளை இக்கட்டுரையாக எழுதி, கீழே கையொப்பமிடுகிறோம்.